வால்பாறை எஸ்டேட் பங்களாவில் இரண்டு இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

வால்பாறைக்கு முதல்முறை போனபோது என் சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருந்தது. மொத்தம் ஒன்பது இடங்கள். அணை இரண்டு, அருவி ஒன்று, கோயில் ஒன்று, மிச்சமெல்லாம் வியூ பாயின்ட். ஒன்றரை நாளில் எட்டைப் பார்த்து முடித்தோம். ஒன்பதாவது இடம் முழுக்க மூடுபனிக்குள் இருந்தது. அதையும் பார்த்ததாகவே கணக்கு எழுதிக்கொண்டோம். அந்தப் பயணத்தில் தங்கியது வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பங்களா ஒன்றில். வாடகை கொஞ்சநஞ்சமல்ல. அதன் வராந்தாவில் நான் உட்கார்ந்தது பத்து நிமிடம், அதுவும் ஷூ லேஸ் கட்டுவதற்காக.

அதற்குப் பிறகு ஆறேழு தடவை போய்விட்டேன். இப்போது பட்டியல் எடுத்துப்போவதில்லை. வெள்ளி இரவு கிளம்பி, சனி மதியம் போய்ச் சேர்ந்து, திங்கள் காலை இறங்குகிறேன். பெரும்பாலான நேரம் அந்த வராந்தாவில்தான் கழிகிறது. இந்தக் கட்டுரையும் அப்படி உட்காரப் போகிறவர்களுக்குத்தான். படகுத் துறை, பூங்கா, கடைவீதி வேண்டும் என்பவர்களுக்கு ஊட்டி இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது. வால்பாறை அவர்களை ஏமாற்றிவிடும்.

ஊரின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோவை மாவட்டத்தின் தென்கோடியில், சுமார் 3,500 அடி உயரத்தில், தேயிலை போர்த்திய மேட்டுநிலம் வால்பாறை. சுற்றிலும் காடு. தமிழகப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சால் காடுகளும். நடுவில் எஸ்டேட்டுகள், எஸ்டேட்டுகளுக்கு இடையே வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகள். நகரம் என்று சொல்ல ஒரே ஒரு கடைத்தெரு. மற்றதெல்லாம் அய்யர்பாடி, ரொட்டிக்கடை, முடீஸ், உருளிக்கல், கருமலை என்று மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். அப்படி ஒரு மடிப்புக்குள் இருக்கும் பங்களாவில் கடைசி பஸ்ஸின் சத்தம் அடங்கிவிட்டால், மறுநாள் காலை எஸ்டேட் சங்கு ஊதும் வரை மனிதக் குரலே கேட்காது.

நாள் குறிப்பது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும். இரவில் நல்ல குளிர். மார்ச் முதல் மே வரை பகலில் மிதமான வெயில், சில நாட்களில் பிற்பகலில் இடி மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரை விடாது. பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. 'தமிழகத்தின் சிரபுஞ்சி' என்று செய்தித்தாள்கள் எழுதும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன். ஆனால் எனக்குப் பிடித்தது மழை விட்டும் விடாமலும் இருக்கும் செப்டம்பர் கடைசி. தேயிலை அவ்வளவு பச்சையாக வேறு எந்த மாதத்திலும் இருப்பதில்லை. ஜூலை, ஆகஸ்டில் போவதானால் இரண்டு நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சம்மதமா என்று கூட வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மரம் விழுந்து பாதை மறிவதும் மண் சரிவதும் அந்த மாதங்களில் புதிதல்ல. திங்கட்கிழமை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அப்போது போகாதீர்கள்.

பொங்கல், தீபாவளி விடுமுறையிலும் மே மாதத்து வார இறுதிகளிலும் மலைப்பாதை முழுக்க வாகனங்கள். தனிமை தேடிப் போய் நாற்பது வளைவிலும் வரிசையில் நிற்பதில் பொருளில்லை.

வீடு பிடிப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்டேட்டில் மேலாளரைப் பெரியதுரை என்றும் உதவி மேலாளரைச் சின்னதுரை என்றும் அழைக்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பெரியதுரையின் பங்களா குன்றின் உச்சியில் இருக்கும். தோட்டம் முழுவதையும் அங்கிருந்தே கண்காணிக்கலாம். சின்னதுரையின் பங்களா சற்றுக் கீழே, அடுத்த மேட்டில். தகரக் கூரை, கணப்பு அடுப்பு, நீளமான வராந்தா, முன்னால் புல்வெளி, பின்னால் தனியாகச் சமையற்கட்டு. சிப்பந்திகளைக் குறைத்துவிட்ட எஸ்டேட்டுகள் இவற்றில் சிலவற்றை இப்போது விருந்தினருக்கு விடுகின்றன. இது ஒரு வகை. நகரத்தை ஒட்டிய குடும்ப ஹோம்ஸ்டேக்கள் இரண்டாவது வகை. விலை குறைவு, சாப்பாடு நன்றாக இருக்கும், தனிமை கிடைக்காது. புதிதாக முளைத்த காட்டேஜ்கள் மூன்றாவது வகை. இணையத்தில் படம் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். காட்டுக்கு நடுவில் என்று நம்பி நான் பதிவு செய்த ஒரு காட்டேஜின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒர்க்‌ஷாப். படம் எடுத்தவர் திறமைசாலி. காட்டைப் பார்த்த சுவரில் சாய்ந்து நின்று எடுத்திருக்கிறார்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். பஸ் போகும் சாலையிலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர், அதில் கடைசி எவ்வளவு தூரம் கல்லும் மண்ணும் என்று கேளுங்கள். "கார் வரும் சார்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். என்ன கார், மழையிலும் வருமா என்று கேளுங்கள். தாழ்வான கார்களுக்கு எஸ்டேட் பாதை ஆகாது; பல வீட்டுக்காரர்கள் நகரத்திலிருந்து ஜீப் அனுப்புவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

சமையல்காரர் இரவில் அங்கேயே தங்குகிறாரா என்பது அடுத்த கேள்வி. ராத்திரியில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வழி தெரிந்த ஒரு மனிதர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். வெந்நீருக்கு விறகு பாய்லர் இருக்கிறதா, கீசர் மட்டும்தானா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? காற்றடித்தால் கம்பி அறுந்து, அரை நாள்கூட இருட்டில் இருக்க நேரலாம். கீசர் மட்டும் உள்ள வீட்டில் அந்த அரை நாளும் குளியல் கிடையாது. எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். பல எஸ்டேட்டுகளில் பி.எஸ்.என்.எல். மட்டுந்தான்.

கடைசியாக ஒன்று. அதே இரவில் வேறு குழு தங்குகிறதா, எத்தனை பேர்? நாலு அறை பங்களாவில் மற்ற மூன்று அறைகளிலும் கல்லூரிக் காலத்து நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்திருந்தால் நீங்கள் போவது ஓய்வுக்கு அல்ல. வீட்டுக்காரர் இந்தக் கேள்விக்கு மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா என்றும் தயங்காமல் கேட்கலாம். உரிமம் இல்லாத விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தால் நீங்கள் கட்டிய முன்பணம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவுக்குக் குறைவாகப் பதிவு செய்யாதீர்கள். முதல் நாள் உடம்பு மலைப்பாதையிலேயே இருக்கும்.

கிளம்புமுன்

நீலகிரி, கொடைக்கானலில் 2024 மே மாதம் தொடங்கிய இ-பாஸ் முறை, 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ போகிறவர்கள் தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், பயண நாள், தங்குமிடம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி வந்த ஏற்பாடு இது; விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்த வேலையே இல்லை.

பையில் என்ன வைப்பது? ஸ்வெட்டர், மழைக்கோட்டு, நல்ல டார்ச், மாற்றுச் செருப்பு, முழுக்கால் சட்டை, முழங்கால் வரை வரும் காலுறை. காலுறை எதற்கு என்று பிறகு சொல்கிறேன். குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை நான்கு நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் மருந்துக்கடை இருந்தாலும் பங்களாவிலிருந்து அங்கே போய் வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். ரொக்கப் பணம் அவசியம். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனில் பணம் அனுப்ப முடியாது. பிளாஸ்டிக் பாட்டில்களையும் பைகளையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஆழியாறு சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். வரைபடத்தைச் செல்போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி கொண்டுபோகாதீர்கள். இதற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

மலை ஏறுவது

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கோவைக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ்ஸில் பொள்ளாச்சி வரலாம். பழனி வழியாகப் போகும் பாலக்காடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் நேராகப் பொள்ளாச்சியிலேயே இறங்கிவிடலாம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். முதல் 24 கிலோமீட்டர் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆழியாறு வரை சமதளம். அதன் பிறகு 40 கிலோமீட்டர் மலைப்பாதை, அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பதினைந்துக்கு மேல் சத்தம் வராது, வாந்திதான் வரும்.

அதற்கு என் வழி: பொள்ளாச்சியில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது. நெய் ரோஸ்ட்டும் பூரிக் கிழங்கும் இறங்கும்போது ஆகட்டும். தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து, செல்போனைப் பார்க்காமல், தொலைவில் உள்ள மரத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மாத்திரை போடுவதானால் மலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். ஐந்தாவது வளைவில் போட்டுப் பயனில்லை.

வண்டி ஓட்டுகிறவருக்கு மூன்று செய்திகள். மேலே ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், பஸ் திரும்ப முழு வளைவும் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் அது சூடேறிக் கைவிட்டுவிடும். மலைப்பாதை பழக்கமில்லை என்றால் பொள்ளாச்சியில் காரை விட்டுவிட்டு பஸ் பிடியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், அந்த பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையைவிட நல்ல இருக்கை இந்தப் பாதையில் எந்தக் காரிலும் கிடையாது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். நிறுத்துங்கள். கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு, தலைக்கு மேலே செங்குத்துப் பாறை. அந்தப் பாறையில் பெரும்பாலும் வரையாடுகள் நிற்கும். தமிழகத்தின் மாநில விலங்கைப் பார்க்க மலைமலையாக ஏறித் திரிகிறவர்கள் உண்டு. இங்கே சாலையோரத் தடுப்புச் சுவருக்கு அருகிலேயே வந்து நிற்கும். தீனி போடாதீர்கள்.

அட்டகட்டியைத் தாண்டினால் குளிர் தொடங்கும். கவர்க்கல்லில் மூடுபனி. மற்ற இடமெல்லாம் வெயிலடித்தாலும் இங்கே வெள்ளைத் திரை தொங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பகுதியில்தான் கார்வர் மார்ஷுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய ஆங்கிலேயர்களில் முதன்மையானவர். அந்தக் காட்டை உண்மையில் வெட்டியவர்கள், மலேரியாவிலும் குளிரிலும் மடிந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களை இங்கே அழைத்துவந்தவர்கள் கங்காணிகள். சிலையைப் பார்க்கும்போது அவர்களும் நினைவுக்கு வந்தால் நல்லது.

மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தி ஓட்டுங்கள். ஹைபீம் போட்டால் பனி சுவராகித் திருப்பி அடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரக் கணக்கு: பிற்பகல் இரண்டு மணிக்குள் ஆழியாறைத் தாண்டிவிடுங்கள். இரவு நேரப் பயணத்துக்கு வனத்துறையின் கட்டுப்பாடு இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இருட்டில் எஸ்டேட் பாதையில் போகக் கூடாது. சாலக்குடி, அதிரப்பள்ளி, மளுக்கப்பாறை வழியாக ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வாழச்சாலில் நேரம் குறித்துச் சீட்டுக் கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்குள் காட்டைக் கடந்துவிட வேண்டும், மாலையில் கதவை மூடிவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்த மாலை

சாமான்களை இறக்கியதும் சமையல்காரரோடு பத்து நிமிடம் பேசுங்கள். பழைய வழக்கப்படி பட்லர் என்று சொல்லும் பங்களாக்களும் உண்டு. அந்த இரண்டு நாளும் உங்கள் வழிகாட்டி அவர்தான். பொதுவாக எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார். எந்தப் பக்கம் நடக்கலாம், எந்தப் பக்கம் கூடாது, நேற்று யானை எங்கே நின்றது என்பது அவருக்குத் தெரியும். விருந்தினர் என்றால் கட்லெட், கேரமல் கஸ்டர்ட் என்று துரைமார் காலத்துச் சமையலைத் தொடங்கிவிடுவார். அதை ஒருவேளை சாப்பிடுங்கள், நன்றாகவே இருக்கும். மற்ற வேளைகளுக்கு "அண்ணா, நீங்கள் வீட்டில் சாப்பிடுவதையே எங்களுக்கும் வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு மிளகு ரசமும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. அந்தக் குளிரில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தேன். இறைச்சியோ மீனோ வேண்டுமானால் முந்தின நாளே சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வர வேண்டியது அது.

ஐந்தரை மணிக்கு மேல் பங்களா வளாகத்தை விட்டு வெளியே கால் வைக்காதீர்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சிறுத்தையும் கரடியும் வால்பாறையில் மனிதரைத் தாக்கியிருக்கின்றன. சிறுத்தை தூக்கிச் சென்றவற்றில் எஸ்டேட் குழந்தைகளும் உண்டு. குழந்தைகளைப் பொழுது சாய்ந்த பிறகு புல்வெளியில் விளையாட விடக் கூடாது. சமையல்காரர் கூப்பிட்டு உள்ளே அனுப்பினால் முணுமுணுக்காமல் போங்கள்.

யானைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மேட்டுநிலம் யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழி. தேயிலை பிறகு வந்தது. இரவில் எதிரே யானை வருவது தெரியாமல் நடந்தவர்கள்தான் பெரும்பாலும் இறந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு இதைக் கவனித்து, வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று சுற்றுவட்டாரத்தினரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும். உள்ளூர் கேபிள் டிவியில் கீழே வரி ஓடும். மேடான இடங்களில் நட்ட கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியும். செல்போனிலிருந்தே அந்த விளக்கை ஏற்றலாம். உங்கள் வராந்தாவிலிருந்து தூரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தால் அது செல்போன் கோபுரமல்ல. அந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று பொருள்.

யானைக்கு அரிசி வாசனையும் வாழைப்பழ வாசனையும் வெகுதூரம் எட்டும். ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசி தின்ற கதைகளை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காரில் வாழைப்பழத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயம் வந்தால் நியாயம்தான். ஆனால் கதவைச் சாத்திவிட்டு, கணப்பில் கட்டை எரிய, தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி கம்பளிக்குள் சுருண்டால் எட்டரைக்கே தூக்கம் வந்துவிடும். அதற்குத்தானே இத்தனை வளைவு ஏறினோம்.

காலை

ஆறு மணிக்கு முன்பு எழுந்துவிடுங்கள். அலாரம் வேண்டியதில்லை. சீகாரப் பூங்குருவி என்று ஒரு பறவை, கருநீலத்தில் இருக்கும். பாட்டு தெரியாத பையன் சீட்டியடித்துப் பழகுவதுபோல் ஆரம்பித்து, பாதியில் ராகம் மறந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அது எழுப்பிவிடும். டீயோடு வராந்தாவுக்கு வாருங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் பனி பால்போல் நிரம்பியிருக்கும்; வெயில் ஏற ஏற, சில்வர் ஓக் மரங்களின் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கொஞ்சம் பொறுத்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக மேடேறுவது தெரியும். இடையில் சோலை மேலே ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல 'உஸ் உஸ்' என்று சிறகுச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள். அது இருவாச்சி. அவ்வளவு பெரிய பறவை அவ்வளவு சத்தத்தோடு பறப்பதை ஒருமுறை பார்த்துவிட்டவர்கள் மறப்பதில்லை.

எட்டு மணிக்கு மேல், வெளிச்சம் நன்றாக வந்த பின் நடக்கலாம். எஸ்டேட் சாலையிலேயே நடங்கள், சோலைக்குள் நுழையாதீர்கள். முடிந்தால் உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். மருந்து தெளிக்கும் வரிசைப் பக்கம் போக வேண்டாம். கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் எடுக்க ஆசையாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு எடைக் கணக்கு இருக்கிறது; நீங்கள் சிரிக்கச் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கூடையில் குறையும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் எட்டிப்பார்ப்பதும் கூடாது.

அட்டை

ஈரம் உள்ள மாதமெல்லாம் அட்டை உண்டு. புல்வெளியில், பாதையோரத்தில், சில நேரம் பங்களாப் படியில்கூட. காலுறை கேட்டது இதற்காகத்தான்: கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஷூவைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ தடவுவது ஓரளவு தடுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று காலைப் பாருங்கள். புல்லில் உட்காராதீர்கள்.

கடித்துவிட்டால் பதறிப் பிய்க்காதீர்கள். நகத்தை வாயடியில் கொடுத்துப் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். ரத்தத்தை உறையவிடாத பொருளைக் கடிக்கும்போதே அது செலுத்திவிடுகிறது. அதனால் காயம் கடுகளவே இருந்தாலும் ரத்தம் வெகுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டுங்கள். இரண்டு நாள் அரிக்கும், சொறிய வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மழைக்காலத்தில் புல்வெளி நடையையே தவிர்த்துவிடுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை

ஓரிடம் மட்டும் போய் வரலாம். எது என்று கேட்டால், புதுத்தோட்டம் என்பேன். பொள்ளாச்சி சாலையில், நகரத்துக்குச் சற்று முன்னால். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அடர்காட்டின் மரஉச்சியை விட்டு இறங்காத விலங்கு அது. சோலை சுருங்கிப்போன புதுத்தோட்டத்தில் மட்டும் சாலைக்கும் வீட்டுக் கூரைக்கும் இறங்கி வந்துவிட்டது. வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் சாலைக்குக் குறுக்கே பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மெதுவாக ஓட்டுங்கள். கார்க் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். பிஸ்கெட் நீட்டினால் அதற்குக் கெடுதல், உங்களுக்கு அபராதம்.

நல்லமுடி பூஞ்சோலையும் அழகுதான், ஆனால் பனி ஏறுவதற்குள் போய்விட வேண்டும், அதற்காக உங்கள் வராந்தாக் காலையைப் பலி கொடுக்க வேண்டும். சோலையாறு அணை நிரம்பும் மாதங்களில் பார்க்கத் தகுந்தது. கோடையில் வெறும் செம்மண் கரை. மற்ற வியூ பாயின்ட்களில் தெரிவது உங்கள் பங்களாவிலிருந்தே தெரியும்.

ஆற்றில் இறங்காதீர்கள். கூழாங்கல் ஆறு போன்ற இடங்கள் கணுக்கால் ஆழமாகத் தெரியும். பத்தடி தள்ளிப் பாறைக்கடியில் கசம் இருக்கும், மேலே மழை பெய்தால் நிமிடத்தில் நீர் ஏறும். 2023 அக்டோபரில் கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வால்பாறை ஆறொன்றில் மூழ்கி இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அது ஏன் இருக்கிறது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றும் செய்யாதீர்கள். நகரத்து ஆட்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம். முதல் ஒரு மணி நேரம் கை செல்போனைத் தேடும், சிக்னல் இல்லை என்று தெரிந்தும் தேடும். நான் சீட்டுக்கட்டு கொண்டுபோவேன். என் மனைவி பின்னல் வேலை எடுத்து வருவார். மூன்று வருடமாக ஒரே ஸ்வெட்டர்தான், வால்பாறையில் மட்டும் பின்னுகிறார்.

இறங்குவது

திங்கட்கிழமை வரை இருக்க முடியாதவர்கள் ஞாயிறு காலை உணவு முடிந்ததும் கிளம்புங்கள். பிற்பகலில் எல்லோரும் சேர்ந்து இறங்கும்போது நெரிசல் அதிகம். வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சமையல்காரருக்கு உரியதைத் தனியாக, அவர் கையிலேயே கொடுங்கள். எஸ்டேட் டீத்தூள் வாங்குவதானால் எங்கே வாங்குவது என்று அவரையே கேளுங்கள். நகரத்துக் கடைகளில் பளபளக்கும் பெட்டியில் விற்பதைவிட, எஸ்டேட் விற்பனைக் கடையில் சாதாரண உறையில் கிடைக்கும் தூள் பெரும்பாலும் புதியதாக இருக்கும். இங்கே பெரும்பாலும் இலையை நசுக்கிக் குருணையாக்கிய சி.டி.சி. தூள், பாலோடு கொதிக்க வைத்துக் குடிக்கத்தான் ஏற்றது, வெறும் வெந்நீரில் போட்டுவிட்டு மணம் தேடாதீர்கள்.

நீங்கள் கொண்டுவந்த குப்பையை நீங்களே பையில் கட்டி எடுத்துவாருங்கள். பங்களாவின் பின்புறக் குழியில் போட்டால் அன்று இரவே காட்டுப்பன்றி கிளறும், பன்றியைத் தேடிச் சிறுத்தை வரும்.

பொள்ளாச்சியில் அந்த நெய் ரோஸ்ட்டுக்கு உட்காருவதற்கு முன், ஓரமாக நின்று இரண்டு ஷூவையும் கழற்றி உதறுங்கள். போன முறை என் காலுறை மடிப்பில் அட்டை ஒன்று, நாற்பது வளைவும் கூடவே இறங்கி வந்திருந்தது. சர்வர்தான் முதலில் பார்த்தார். "வால்பாறையா சார்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் உப்பு எடுத்து வந்தார்.